'நிலம் நடுங்கும்' என்று எழுதியவர்: இமாமுரா அகிட்சுனேயின் வாழ்வும் பணியும்



மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் நிலநடுக்க அறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் நிலநடுக்கவியல் கற்றவன் அல்லன்; மொழியியல் கற்று, அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஜப்பானிய அறிஞர் இமாமுரா அகிட்சுனேயின் வரலாற்றைப் படித்த நாள் முதல், அதை மொழி ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நீங்காமல் இருந்து வருகிறது. தோக்கியோ நகருக்கு நேரவிருந்த பேரிடரைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அவர். எழுதியதற்காக ஏளனம் செய்யப்பட்டவரும் அவரே. அவருடைய எச்சரிக்கை ஏன் உரியவாறு மக்களைச் சென்று சேரவில்லை? இவ்வினாவுக்கான விடையில் பாதி நிலநடுக்கவியலில் இருக்கிறது. மறுபாதி மொழியில் இருக்கிறது. இரண்டையும் இங்கே எடுத்துரைக்க முயல்கிறேன்.

ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலிலும் இடுபெயரைப் பின்னரும் கூறுவது மரபு. இக்கட்டுரையிலும் அம்மரபே பின்பற்றப்படுகிறது.

1. நடுங்கும் நாட்டில் தோன்றிய அறிவியல்

நிலநடுக்கவியல் ஒரு தனித்துறையாக உருப்பெற்றதில் ஜப்பானுக்குத் தனியிடம் உண்டு. 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் நிலம் நடுங்கியது. அது பேரழிவை விளைவிக்கவில்லை. ஆனால் ஜப்பானில் பணியாற்றிய ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரையும் அவருடைய தோழர்களையும் அது சிந்திக்க வைத்தது. அவ்வாண்டிலேயே அவர்கள் ஜப்பானிய நிலநடுக்கவியல் கழகத்தை நிறுவினர். உலகில் இத்துறைக்கென எழுந்த முதற்கழகம் அதுவே. நிலத்தின் அசைவைக் காலத்தோடு சேர்த்து வரைந்து காட்டும் பதிவுக்கருவிகள் அவர்கள் கையில் உருவாயின.

1891ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், நடு ஜப்பானில் மினோ, ஓவாரி ஆகிய பகுதிகளை உலுக்கிய பெருநடுக்கம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரு பகுதிகளின் பெயர்களையும் சுருக்கி அதனை நோபி நிலநடுக்கம் என்பர். நியோ பள்ளத்தாக்கில் நிலம் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பிளந்து, ஓரிடத்தில் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்துக்குப் படிக்கட்டுப் போல் எழுந்து நின்றது. நிலம் பிளந்து நழுவுவதே நடுக்கத்துக்குக் காரணம் என்ற கருத்துக்கு அப்பிளவு கண்கூடான சான்றாயிற்று. மறு ஆண்டே அரசு நிலநடுக்க ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது.

அந்த 1891ஆம் ஆண்டில்தான் தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவராகச் சேர்ந்தார் இமாமுரா. 1870ஆம் ஆண்டு தென்கோடியிலுள்ள ககோஷிமாவில் பிறந்தவர். நோபி நடுக்கம் அவரை நிலநடுக்கவியலை நோக்கித் திருப்பியது.

2. ஒரே துறையில் இருவர்

அதே துறையில் இமாமுராவுக்கு மூத்தவர் ஓமோரி ஃபுசாகிச்சி. 1868ஆம் ஆண்டு ஃபுகுய் நகரில் பிறந்தவர். அகவையில் இருவருக்கும் இரண்டு ஆண்டே வேறுபாடு. 1897இல் ஓமோரி பேராசிரியர் ஆனார். இமாமுரா 1901இல் துணைப்பேராசிரியர் ஆனார். அது ஊதியமற்ற பதவி. படைத்துறைப் பள்ளியில் கற்பித்து ஈட்டிய வருவாயே அவர் குடும்பத்தைத் தாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலையிலேயே அவர் ஆராய்ந்தார்.

ஓமோரியின் ஆய்வுத்திறம் உலகப் புகழ் பெற்றது. அவருடைய கண்டுபிடிப்புகளுள் இரண்டை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, பின்னதிர்வு பற்றிய விதி. ஒரு பெருநடுக்கத்துக்குப் பின் சிறு நடுக்கங்கள் தொடர்ந்து வருவதை நாம் அறிவோம். அவை எவ்வாறு குறைகின்றன? நோபி நடுக்கத்தின் பின்னதிர்வுகளை நாள்தோறும் எண்ணிய ஓமோரி, 1894இல் ஓர் எளிய ஒழுங்கைக் கண்டார். பின்னதிர்வுகளின் எண்ணிக்கை, கடந்த காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. முதல் நாளில் நூறு எனக் கொண்டால், பத்தாம் நாளில் ஏறத்தாழப் பத்து. நூறாம் நாளில் ஏறத்தாழ ஒன்று. தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மிக மெதுவாகவும் குறைவதால், அவை பல்லாண்டுகளுக்கு நீடிக்கின்றன. சிறு திருத்தத்துடன் இவ்விதி இன்றும் வழக்கில் உள்ளது.

இரண்டாவது, தொலைவை அளக்கும் முறை. நிலநடுக்கத்திலிருந்து இருவகை அலைகள் புறப்படுகின்றன. ஒன்று விரைவானது, முதலில் வந்து சேரும். மற்றொன்று மெதுவானது, பின்னர் வந்து வலுவாக உலுக்கும். மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை எண்ணி, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று மதிப்பிடுவோம் அல்லவா? அதுபோலவே இரு அலைகளுக்கும் இடையிலான நொடிகளை எண்ணினால், நடுக்கம் தோன்றிய இடத்தின் தொலைவை அறியலாம். அண்மையில் தோன்றும் நடுக்கங்களுக்கு, ஒரு நொடிக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் என்று கணக்கிடலாம்.

இமாமுராவின் நாட்டம் வேறு திசையில் சென்றது. 1896ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானின் சன்ரிக்குக் கரையைச் சுனாமி தாக்கி ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றது. அன்று நிலம் மெல்லவே அசைந்தமையால் மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கடலடித் தரையே பெயர்ந்து அதன்மேல் நிற்கும் நீரைத் தள்ளுவதால் சுனாமி எழுகிறது என்று 1899இல் இமாமுரா விளக்கினார். ஓமோரி இதனை ஏற்கவில்லை. விரிகுடாவில் உள்ள நீர், ஊசல்போல் அசைந்து பெருகுவதாகவே அவர் கருதினார். விரிகுடாவின் வடிவம் அலையின் உயரத்தைக் கூட்டும் என்பது உண்மையே. ஆயினும் அலையின் பிறப்பிடத்தைப் பற்றி இமாமுரா கூறியதே பின்னர் நிலைபெற்றது.

3. 1905ஆம் ஆண்டுக் கட்டுரை

1905ஆம் ஆண்டு செப்டம்பரில் 'தையோ' என்னும் திங்களிதழில் இமாமுரா ஒரு கட்டுரை எழுதினார். தையோ என்பதற்குக் கதிரவன் என்று பொருள். பொதுமக்கள் விரும்பிப் படித்த இதழ் அது. கட்டுரையின் தலைப்பு நீளமானது. நகரங்களில் நிலநடுக்கத்தால் உயிருக்கும் உடைமைக்கும் நேரும் இழப்பைக் குறைக்கும் எளிய வழி என்பது அதன் கருத்து. இத்தலைப்பை நினைவில் நிறுத்துங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

கட்டுரையில் இரண்டு வாதங்கள் இருந்தன.

முதல் வாதம் காலத்தைப் பற்றியது. தோக்கியோவின் பழைய பெயர் எதோ. அந்நகரைப் பெருநடுக்கங்கள் தாக்கிய ஆண்டுகளாக 1649, 1703, 1855 ஆகியவற்றை இமாமுரா எடுத்துக்காட்டினார். சராசரியாக நூறாண்டுக்கு ஒன்று. எனினும் முதல் இரண்டுக்கும் இடையே 54 ஆண்டுகளே கழிந்தன. 1855க்குப் பின் அப்போதே 50 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே, அடுத்த 50 ஆண்டுகளுக்குள் இத்தகைய பேரிடர் நேரும் என்று கருதி ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்றார்.

இரண்டாம் வாதம் தீயைப் பற்றியது. தோக்கியோ மரவீடுகளின் நகரம். பெருநடுக்கத்தில் பல இடங்களில் ஒரே வேளையில் தீப்பற்றும். நிலத்தடியில் பதித்த நீர்க்குழாய்கள் உடையும். தீயணைப்போருக்கு நீர் கிடைக்காது. அந்நிலையில் மாண்டோர் தொகை ஓர் இலட்சம் முதல் இரண்டு இலட்சம் வரை செல்லக்கூடும் என்று அவர் கணித்தார். இதற்கு அவர் கூறிய எளிய வழிகளுள் முதன்மையானது மண்ணெண்ணெய் விளக்குகளை ஒழித்து மின்விளக்குகளுக்கு மாறுவது.

இவ்விரு வாதங்களையும் இன்றைய அறிவோடு எடைபோட்டுப் பார்ப்போம். முதல் வாதம் வலுவற்றது. மூன்று நிகழ்வுகளுக்கு இடையே இரண்டே இடைவெளிகள் உள்ளன: 54 ஆண்டுகளும் 152 ஆண்டுகளும். இவ்விரண்டின் சராசரியைக் கொண்டு எந்த விதியையும் நிறுவ இயலாது. மேலும் அந்நடுக்கங்கள் ஒரே வகையின அல்ல. 1703இல் நிகழ்ந்தது சகாமி விரிகுடாவின் அடியில் கடல்தட்டு நழுவியதால் வந்தது. 1855இல் நிகழ்ந்தது நகருக்கு அண்மையில் நிலத்தடியில் தோன்றியது. வெவ்வேறு மரங்களின் காய்ப்பை ஒரே கணக்கில் எழுதியது போன்றது இது. இரண்டாம் வாதமோ மிக வலுவானது. அதற்கு எந்த நாளையும் கணிக்க வேண்டிய தேவை இல்லை. நடுக்கம் என்று வந்தாலும் மரவீடுகள் எரியும், குழாய்கள் உடையும் என்பதே அதன் சாரம்.

4. செய்தியான எச்சரிக்கை

கட்டுரை வெளிவந்த சில திங்கள்களுக்கு எவ்விதப் பரபரப்பும் இல்லை. 1906ஆம் ஆண்டு பிறந்தது. ஜப்பானிய நாட்காட்டியில் அது நெருப்புக் குதிரை ஆண்டு. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அவ்வாண்டில் தீப்பேரிடர்கள் மிகும் என்ற நம்பிக்கை மக்களிடையே இருந்தது. சனவரியில் தோக்கியோச் செய்தித்தாள் ஒன்று இமாமுராவின் கட்டுரையைக் கையில் எடுத்தது. பெருநடுக்கம் வரப்போகிறது என்று முனைவர் ஒருவர் கூறிவிட்டார் என்பதே செய்தியாயிற்று. இழப்பைக் குறைக்கும் வழிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மாண்டோர் தொகை முன்னுக்கு வந்தது.

இமாமுரா மறுப்பு விளக்கம் அளித்தார். ஆனால் பிப்ரவரியில் தோக்கியோப் பகுதியில் நிலம் அதிரவே, பெருநடுக்கம் இன்ன நேரத்தில் வரும் என்ற வதந்தி பரவியது. மக்கள் வீடுகளை விட்டு வெட்டவெளிகளுக்கு ஓடினர்.

துறைத்தலைவரான ஓமோரி இதனைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்க இயலவில்லை. அதே தையோ இதழில், தோக்கியோவுக்குப் பெருநடுக்கம் வரும் என்பது அடிப்படையற்ற வதந்தி என்ற கருத்தமைந்த கட்டுரையை எழுதினார். சில நிகழ்வுகளின் சராசரியை வைத்துக் காலம் குறிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். மக்கள் அமைதியடைந்தனர். இமாமுராவோ, பொய்யுரைத்து மக்களை அச்சுறுத்தியவர் என்ற பழியைச் சுமந்தார். பல ஆண்டுகள் அவர் அப்பழியோடே வாழ்ந்தார்.

5. ஒரு வினைமுற்றின் மூன்று பொருள்

இங்கே மொழியியலாளன் என்ற முறையில் சில சொற்கள்.

'தோக்கியோவில் நிலம் நடுங்கும்' என்று தமிழில் ஒரு தொடர் அமைப்போம். 'நடுங்கும்' என்ற வினைமுற்றுக்கு என்ன பொருள்? எதிர்காலத்தில் நிகழப்போகிறது என்பது ஒரு பொருள். இயல்பாக நிகழ்வது என்பது மற்றொரு பொருள். 'தீ சுடும்' என்கிறோம்; 'மலை நிற்கும்' என்கிறோம். நாளை சுடும், நாளை நிற்கும் என்பது அவற்றின் பொருளன்று. அவற்றின் இயல்பு அது என்பதே பொருள். முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினையால் கூறுவது தொல்காப்பியம் அறிந்த வழக்கு. இவையன்றி, 'அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்பது போல் உய்த்துணர்ந்து கூறும் பொருளும் அவ்வெதிர்கால வடிவங்களுக்கு உண்டு.

இமாமுரா ஜப்பானிய மொழியில் எழுதினார். தமிழ் இலக்கணம் அவருக்குப் பொருந்தாது. எனினும் அவர் கருத்துக்கு நேர்ந்ததை நம் இலக்கணம் தெளிவாகக் காட்டுகிறது. அவர் கூறியது நகரின் இயல்பு: இந்நிலம் நடுங்கும் இயல்பினது, ஆகவே ஆயத்தமாயிருங்கள். செய்தித்தாள் படித்தது எதிர்காலம்: இந்நிலம் விரைவில் நடுங்கப்போகிறது, ஆகவே அஞ்சுங்கள். வதந்தி அதனை இன்ன நாள், இன்ன மணி என்று இன்னும் குறுக்கியது. ஓமோரி மறுத்தது இவ்வதந்தியைத்தான். ஆனால் அவர் மறுப்பைப் படித்த மக்கள், 'இந்நிலம் நடுங்காது' என்று பொருள் கொண்டனர். எதிர்காலத்தை மறுத்த சொல், இயல்பையும் மறுத்த சொல்லாகிவிட்டது.

இதற்கு இமாமுராவையும் முற்றிலும் குற்றமற்றவர் என்று கூற இயலாது. 50 ஆண்டு என்ற எண்ணை அவரே எழுதினார். அவ்வெண் இல்லாதிருந்தால் அவருடைய கட்டுரையை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் எண்ணைக் கொடுத்தபின், விவாதம் முழுவதும் அவ்வெண்ணைச் சுற்றியே நடந்தது. 'எப்போது' என்ற வினா 'என்ன செய்வது' என்ற வினாவை விழுங்கிவிட்டது. விளக்குகளைப் பற்றியும் நீர்க்குழாய்களைப் பற்றியும் அவர் கூறியவற்றில் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு தேவைப்படவில்லை. அதே 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகர் நடுங்கி, நீர்க்குழாய்கள் உடைந்து, நகரம் எரிந்தது. அதனை நேரில் சென்று ஆராய்ந்தவர்களுள் ஓமோரியும் ஒருவர்.

6. 1923 செப்டம்பர் 1

நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தோக்கியோவில் வீடுகள்தோறும் பகலுணவு சமைத்துக்கொண்டிருந்தனர். சகாமி விரிகுடாவின் அடியில் கடல்தட்டு நழுவியது. நடுக்கத்தின் அளவை 7.9.

இமாமுரா பல்கலைக்கழகத்தில் தம் அறையில் இருந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே அதிர்வை நொடிக்கணக்கில் கவனித்தார். வழக்கமான நடுக்கமன்று என்பதை உணர்ந்த பின்னும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. அன்று துறையின் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஓமோரி பசிபிக் வட்டார அறிவியல் மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா சென்றிருந்தார்.

நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தீ மூண்டது. சமையல் அடுப்புகளிலிருந்தும் வேதிப்பொருள் கிடங்குகளிலிருந்தும் அது பரவியது. நீர்க்குழாய்கள் உடைந்திருந்தன. அன்று காற்றும் வலுவாக வீசியது. தீ ஏறத்தாழ இரண்டு நாள் எரிந்து, நகரப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அழித்தது. ஹோன்ஜோ பகுதியில், படைத்துறை உடைக்கிடங்கு இருந்த வெற்றிடத்தில் மக்கள் தட்டுமுட்டுப் பொருள்களுடன் அடைக்கலம் புகுந்தனர். தீச்சூறாவளி அங்கு மட்டும் ஏறத்தாழ 38,000 பேரை மாய்த்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் மொத்தம் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீயால் மாண்டவர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இமாமுரா எழுதிய தொகையின் எல்லைக்குள் அது அமைந்தது.

சொல்லின் தீமை அத்தோடும் நிற்கவில்லை. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற பொய்ச்செய்தி பரவியது. அதனை நம்பிய கும்பல்களும் படையினரும் காவலரும் பெருந்தொகையான கொரியர்களைக் கொன்றனர். மெய்யான எச்சரிக்கை ஒன்று பதினெட்டு ஆண்டுகளில் பயன் தரவில்லை. பொய்யான வதந்தி ஒன்று சில மணி நேரத்தில் கொலைக்கருவியாயிற்று. மொழியைக் கற்பிப்போர் மறக்கக்கூடாத நிகழ்வு இது.

அன்று ஓமோரி எங்கிருந்தார்? சிட்னி நகரில் ரிவர்வியூ ஆய்வகத்தில் இருந்தார். அங்கிருந்த பதிவுக்கருவியின் முள் அசைவதை அவர் கண் முன்னே கண்டார். தொலைவில் எங்கோ ஒரு பெருநடுக்கம்; அது தம் நகரம் என்பது பின்னரே தெரிந்தது. முன்பே நோயுற்றிருந்த அவர் கப்பலில் திரும்பும்போது மேலும் நலிவுற்றார். அக்டோபரில் யோக்கோஹாமாத் துறைமுகத்தில் அவரை எதிர்கொண்டவர் இமாமுரா. இப்பேரிடருக்குத் தாம் பெரும் பொறுப்புடையவர் என்று உணர்வதாக ஓமோரி அப்போது கூறியதை இமாமுரா பதிவு செய்துள்ளார். மூளைக் கட்டியால் நவம்பர் 8ஆம் நாள் ஓமோரி காலமானார்.

இருவருள் யார் சரி என்ற கேள்வியை மாணவர்கள் கேட்பார்கள். காலத்தைக் கணிக்க இயலாது என்று கூறிய ஓமோரி சரியே. இன்றுங்கூட நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் முறை எதுவும் இல்லை. தீக்கு ஆயத்தமாக வேண்டும் என்று கூறிய இமாமுராவும் சரியே. அச்சத்தைத் தணிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஓமோரி எழுதினார். அச்சத்தைத் தணிப்பதும் ஆயத்தத்தைத் தணிப்பதும் வெவ்வேறு என்பதை அவர் சொற்கள் பிரித்துக் காட்டவில்லை. அதுவே அவர் குறை.

7. அறிஞர் பாடநூலை நாடுதல்

ஓமோரிக்குப் பின் இமாமுரா பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு அகவை 53. மில்னின் காலத்துக் கழகம் 1892இல் கலைந்திருந்தது; 1929இல் அதனை மீண்டும் நிறுவியவர் இமாமுரா. 1931இல் ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் செய்த பணிகளுள் ஒன்றே என்னை மிகவும் ஈர்த்தது. அவர் பள்ளிப் பாடநூலை நாடினார்.

1933ஆம் ஆண்டு மார்ச்சில் சன்ரிக்குக் கரையைச் சுனாமி மீண்டும் தாக்கியது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அழிந்த இடங்களிலேயே மக்கள் மீண்டும் குடியேறியிருந்தனர். குடியிருப்புகளை உயரமான இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்று வற்புறுத்திய இமாமுரா, தலைமுறைகளின் மறதியை வெல்லப் பள்ளிக்கூடமே வழி என்றும் கருதினார்.

1937 முதல் 1947 வரை ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஐந்தாம் ஆண்டு மொழிப் பாடநூலில் 'இனாமுரா நோ ஹி' என்ற பாடம் இடம்பெற்றது. 'நெற்கதிர்ப் போரின் தீ' என்று தமிழில் கூறலாம். குன்றின்மேல் வாழும் முதியவர் ஒருவர், நிலம் மெல்ல நெடுநேரம் அசைவதையும் கடல் பின்வாங்குவதையும் காண்கிறார். கீழே கடற்கரையில் திருவிழா ஏற்பாட்டில் இருக்கும் ஊராருக்கு உரைக்க நேரமில்லை. அறுவடை செய்து குவித்த தம் நெற்போர்களுக்குத் தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரார் குன்றேறி ஓடி வருகின்றனர். அவர்களுக்குப் பின்னால் ஊரைக் கடல் கொள்கிறது.

1854இல் கீ தீபகற்பத்தின் ஹிரோ ஊரில் ஹமாகுச்சி கோர்யோ என்பவர் செய்த செயலே இதன் மூலம். இதனை லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1897இல் ஆங்கிலக் கதையாக்கினார். சுனாமி என்ற சொல்லை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியவற்றுள் அக்கதையும் ஒன்று. கல்வி அமைச்சு பாடங்களைத் தருமாறு பொதுவில் கேட்டபோது, ஹிரோவுக்கு அண்டை ஊரைச் சேர்ந்த நகாய் சுனேசோ என்ற பள்ளி ஆசிரியர் அக்கதையைச் சிறுவர்க்கேற்ப எழுதி அனுப்பினார். அதுவே பாடமாயிற்று.

1940இல் இமாமுரா இப்பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்காக ஒரு விளக்கம் எழுதினார். கதைக்கும் வரலாற்றுக்கும் வேறுபாடு உண்டு. ஹமாகுச்சி அப்போது முதியவர் அல்லர், முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தவர். நடுக்கமும் மெல்லியதன்று, கடுமையானது. அவர் தீ வைத்தது அலை வருவதற்கு முன்பன்று. இருளில் தவித்தோர்க்கு வழிகாட்டவே வைக்கோற் போர்களை எரித்தார். பின்னர் தம் செல்வத்தைச் செலவிட்டு, ஊராரையே பணியில் அமர்த்தி, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு கரைச்சுவரை எழுப்பினார். ஆசிரியர் கதையைக் கற்பிக்கும்போது அதிலுள்ள அறிவியலையும் உண்மையையும் உடன் கற்பிக்க வேண்டும் என்பதே இமாமுரா தம் விளக்கத்தில் கொண்ட அக்கறை.

1905இல் வயதுவந்தோர்க்கு எண்ணைக் கொண்டு எழுதியவர், 1940இல் சிறுவர்க்குக் கதையைக் கொண்டு கற்பிக்கத் துணைநின்றார் என்பதைக் கவனியுங்கள். இக்கதையில் ஆண்டுக்கணக்கு இல்லை. நிலம் அசைந்தால் கடலைப் பார். கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 'எப்போது' என்ற வினாவுக்கு இங்கே இடமே இல்லை.

8. இறுதி ஆண்டுகள்

தென்மேற்கு ஜப்பானின் நான்காய்க் கரையில் பழங்காலந்தொட்டு ஒழுங்காகப் பெருநடுக்கங்கள் நிகழ்வதை இமாமுரா பழைய ஏடுகளிலிருந்து தொகுத்தார். 1707இலும் 1854இலும் நிகழ்ந்தது மீண்டும் நிகழும் என்று கருதி, கீ தீபகற்பத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தம் முயற்சியால் ஆய்வு நிலையங்களை அமைத்தார். இம்முறை எண்ணிக்கையில் கூடிய நிகழ்வுகளும் ஒரே வகையான நடுக்கங்களும் அவர் கையில் இருந்தன.

1944 டிசம்பர் 7ஆம் நாள் அக்கரையின் கிழக்குப் பகுதி நடுங்கியது. போர்க்காலத் தணிக்கையால் செய்தித்தாள்களில் அச்செய்தி சில வரிகளுக்குள் ஒடுங்கியது. 1946 டிசம்பர் 21ஆம் நாள் மேற்குப் பகுதி நடுங்கியது. 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹிரோ ஊரின் நடுப்பகுதியை மட்டும் ஹமாகுச்சி எழுப்பிய பழைய சுவர் காத்து நின்றது. போரினால் ஆய்வு நிலையங்கள் செயலிழந்தமையும், தம் எச்சரிக்கை மீண்டும் பயனற்றுப் போனமையும் இமாமுராவை வருத்தின. 1948ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் காலமானார்.

1960 முதல் செப்டம்பர் 1ஆம் நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாக ஜப்பான் கடைப்பிடிக்கிறது. ஹமாகுச்சியின் செயலை நினைவுகூர்ந்து நவம்பர் 5ஆம் நாளை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக 2015இல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது.

9. நம் வகுப்பறைக்கு

2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பிறகு சுனாமி என்ற ஜப்பானியச் சொல் தமிழில் வீட்டுச்சொல் ஆகிவிட்டது. 'சு' என்பது துறைமுகம். 'நாமி' என்பது அலை. அதற்கு முன்பே நம்மிடம் கடல்கோள் என்ற பழஞ்சொல் இருந்தது. பின்னர் ஆழிப்பேரலை என்ற சொல்லும் பரவியது. சொற்கள் இருந்தன. ஆனால் நாகப்பட்டினக் கரையிலும் பினாங்குக் கரையிலும் அன்று நின்றிருந்த பலருக்கு, கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்று எவரும் கற்பித்திருக்கவில்லை. மலேசியாவில் மட்டும் 68 பேர் உயிரிழந்தனர்.

சுமத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்ற தீவு உண்டு. அன்றைய நடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் ஏழு பேரே. 1907இல் நேர்ந்த பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லில் கதையாகவும் பாட்டாகவும் பேரர்களுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வலுவாக நடுங்கியது. எவரோ 'ஸ்மோங்' என்று கூவினர். ஊர் முழுவதும் குன்றேறியது. இமாமுரா பாடநூலின் வழி அடைய விரும்பியதை அத்தீவு மக்கள் தாலாட்டின் வழி அடைந்திருந்தனர்.

நாம் வாழும் இவ்வட்டாரத்தில் நிலம் பெரிதாக நடுங்குவதில்லை. சுமத்திரா நடுங்கும்போது நம் அடுக்குமாடி வீடுகளின் விளக்குகள் ஆடுவதோடு பெரும்பாலும் அமைகிறது. ஆயினும் வெள்ளம், தீ, நோய் என எச்சரிக்கைகள் நம்மையும் வந்தடைந்துகொண்டே இருக்கின்றன. கைப்பேசியின் வழி நொடிக்கு நொடி பகிரப்படுகின்றன. ஆசிரியர்களே, கருத்தறிதல் பகுதியைக் கற்பிக்கும்போது ஒரு செய்தியை மாணவரிடம் கொடுத்து மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதில் கூறப்படுவது உறுதியா, இயல்பா, ஊகமா? இதனை முதலில் சொன்னவர் எதற்காகச் சொன்னார்? இதைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும்? மாணவர்களே, ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பும் முன் இம்மூன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இமாமுராவின் கட்டுரைத் தலைப்பை நினைவில் நிறுத்துமாறு தொடக்கத்தில் வேண்டினேன். இழப்பைக் குறைக்கும் எளிய வழி என்பதே அவர் எழுத முனைந்தது. அவருடைய முதல் வாசகர்கள் அத்தலைப்பைப் படித்து, அதற்குரிய கேள்வியைக் கேட்டிருந்தால், தோக்கியோவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கிடைத்திருக்கும்.